மலையில்லாத நாட்டின் கற்கள்: காவிரிப் படுகையில் சிற்பிகளைத் தேடி

வெள்ளிக்கிழமை, திருச்சிராப்பள்ளி

சோழநாட்டுச் சமவெளியில் கல் பிறப்பதில்லை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து வடக்கே ஒதுங்க, கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் புது ஆறும் ஆளுக்கொரு பக்கம் திரும்ப, அங்கிருந்து கடல்வரை விரியும் நிலம் முழுவதும் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான். கிணறு தோண்டினால் களியும் மணலும் மாறி மாறி வருமே தவிர, பாறை எளிதில் தட்டுப்படாது. அப்படிப்பட்ட நாட்டில் ஊருக்கொரு கற்றளி, அதாவது கல்லால் ஆன கோயில், நிற்கிறது. கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து அடுக்கியவர்கள், செதுக்கியவர்கள் யார் என்ற கேள்வியோடு இந்தப் பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன். எந்த அரசன் கட்டினான் என்று எல்லாக் கோயில் வாசலிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கை செதுக்கியது என்பதற்கு ஏதேனும் தடயம் உண்டா என்று பார்ப்பதே நோக்கம்.

சமவெளிக்குள் இறங்குமுன், அதன் தலைவாசலில் நிற்கும் மலையிலிருந்து தொடங்குவது முறை என்று தோன்றியது. திருச்சி மலைக்கோட்டை ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறைக் குன்று. உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் அவசரத்தில் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடும் இடத்தில், முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த இந்தக் குடைவரை தெற்கு நோக்கியது. கருவறை கிழக்குச் சுவரில் இருக்க, அதற்கு நேர் எதிரே மேற்குச் சுவரை நிறைத்துக்கொண்டு கங்காதரர் நிற்கிறார்.

ஆளுயரத்தை மிஞ்சிய சிற்பம். சிவன் ஒரு கையால் சடைக்கற்றை ஒன்றை நீட்டிப் பிடிக்க, அதில் இறங்குவதற்காகக் கங்கை கூப்பிய கைகளோடு மேலிருந்து வருகிறாள். காலடியில் ஒரு பூதகணம் பாதத்தைத் தாங்குகிறது. சுற்றிலும் அடியவர்கள் மண்டியிட்டும் நின்றும் வணங்க, மேலே விஞ்சையர் என்னும் வானவர் பறக்கிறார்கள். இத்தனை பேர் கூடியிருந்தும் நெரிசல் என்பதே இல்லை. தெற்கு வாயிலிலிருந்து வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் வயிற்றின் மென்மையும் தோளின் திரட்சியும் துலங்குகின்றன. பின்னணிச் சுவரில் கண்ணைச் சாய்த்துப் பார்த்தால் உளி போன வழிகூடத் தெரிகிறது.

குடைவரைச் சிற்பியின் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டுமானக் கோயிலில் ஒரு கல் பழுதானால் வேறு கல் வரவழைக்கலாம். மலையில் அது நடவாது. முன்பக்கத்திலிருந்து உள்நோக்கி, மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே போகும்போது, எங்கே தூண் நிற்க வேண்டும், எந்தச் சுவரில் எவ்வளவு கனத்தைச் சிற்பத்துக்கென்று மிச்சம் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் முதல் அடி விழுவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். சடையைப் பிடித்திருக்கும் அந்தக் கையின் விரல் ஒன்று உடைந்திருந்தால் அதை ஒட்டவைக்க வழியில்லை.

தூண்களில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. அதன் செய்யுள்களில் இரண்டு என்னை மிகவும் கவர்ந்தவை. பூமியில் கட்டிய கோயிலில் இருந்துகொண்டு சோழர் நாட்டையும் காவிரி ஆற்றையும் நான் எப்படிக் காண்பேன் என்று சிவன் கேட்க, குணபரன் என்ற மகேந்திரன் மேகம் தொடும் இந்த மலைக்கோயிலை அவருக்குக் கொடுத்தானாம். இன்னொன்று அதைவிட அழகு. ஆறுகளின்மேல் ஆசை கொண்ட சிவன், சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், பிறந்த வீட்டை விட்டு இங்கேயே வந்து தங்கி, இவள் பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். கங்கையைச் சடையில் தாங்கும் சிற்பத்தைக் காவிரிக்கரைக் குன்றில் வைத்ததற்கு இதைவிட நயமான விளக்கம் கிடைக்காது. ஆற்றின்மேல் அரசன் கொண்டாடும் உரிமையும் அந்த நயத்துக்குள்ளேயே மறைந்திருக்கிறது.

கல்லில் சிவனை நிலைநிறுத்தியதன் மூலம் அரசன் தானும் உலகில் நிலைபெற்றான் என்றும் அக்கல்வெட்டு சொல்கிறது. மகேந்திரனின் பட்டப்பெயர்கள் தூண்களில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை வெட்டியவன் பெயர் எங்கும் இல்லை.

உச்சிக்கு ஏறினேன். வடக்கே காவிரியும் திருவரங்கமும், கிழக்கே பார்வை எட்டும்வரை தென்னையும் வயலும். மலையென்று சொல்ல ஒன்றும் அந்தத் திசையில் இல்லை.

சனிக்கிழமை, தஞ்சாவூர்

பெரிய கோயிலுக்குப் போகுமுன், நகருக்கு வெளியே சாலையோரம் இருந்த ஒரு சிற்பக்கூடத்தில் இறங்கினேன். கீற்றுக்கொட்டகை, நான்கு பேர், நடுவே படுக்கவைத்த ஒரு துர்க்கை. மூத்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மூக்கை மூடித் துண்டு கட்டியிருந்தார். கல்தூசு நெஞ்சில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தம் தகப்பனாரிடம் பார்த்தவராம். கிரைண்டர் வந்த பிறகு வேலை வேகமாகிறது, தூசும் பல மடங்காகிறது என்றார்.

“ஐயா, கல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?” என்று கேட்டதும், பதில் சொல்லாமல் சுத்தியலை எடுத்து ஒரு கல்லைத் தட்டினார். மணியடித்தது போன்ற ஓசை நீண்டு ஒலித்தது. “இது ஆண்கல்லு தம்பி. தெய்வத் திருமேனிக்கு ஆகும்.” அடுத்த கல்லில் தாளம் தட்டியது போலக் குறுகிய நாதம். “இது பெண்கல்லு. அம்மனுக்கு, ஆவுடையாருக்கு.” மூன்றாவதைத் தட்டினார், ஓசையே எழவில்லை. “இது ரெண்டுக்கும் ஆகாது. தரைக்குப் பாவிடுவோம். உள்ளே விரிசல் இருந்தாலும் தட்டினா சொல்லிடும். கண்ணால பார்த்துக் கல்லு வாங்கினவன் கெட்டான்.”

துர்க்கையின்மேல் காவியில் கோடுகள் இழுத்திருந்தார்கள். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை நடுநூல், அதன் இருபுறமும் அளவுகள். சிவன், திருமால் போன்ற மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், அதாவது மொத்த உயரத்தை 124 பங்காக்கி ஒரு பங்கை அங்குலமாகக் கொள்வது. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. முகம், கழுத்து, மார்பு, தொடை ஒவ்வொன்றுக்கும் இத்தனை அங்குலம் என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனார். அப்படியென்றால் எல்லாச் சிற்பமும் ஒன்றுபோலத்தானே இருக்க வேண்டும் என்றேன். அவர் கூர் உளியைக் கீழே வைத்துவிட்டுத் துர்க்கையின் கன்னத்தைக் காட்டினார். “அளவு எலும்புக்குத்தான் தம்பி. சதைக்கு அளவு கிடையாது. அது கையில வரணும்.” கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்களாம், அதுவரை விழி வெறும் மேடாகவே இருக்கும்.

அந்தச் சொல்லோடு பெரிய கோயிலுக்குள் நுழைந்ததால் பார்வை வேறாகிவிட்டது. இரண்டாம் கோபுரமான இராசராசன் திருவாயிலின் துவாரபாலகர் ஒரே கல்லில் ஆன பேருருவங்கள். காலடியில் பாம்பு ஒன்று யானையை விழுங்குகிறது. யானை அவ்வளவு சிறிதென்றால் பாம்பு எவ்வளவு பெரிது, பாம்பே காலடியில் கிடக்கிறதென்றால் காவலர் எவ்வளவு பெரியவர், உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று கணக்கு மேலே மேலே போகிறது. அளவை வைத்தே பக்தியை உண்டாக்கிய அந்தச் சிற்பியின் அறிவை வணங்காமல் இருக்க முடியாது. அதே வாயிலின் அடித்தளத்தில் மார்க்கண்டேயரும் கண்ணப்பரும் சண்டேசரும் சின்னஞ்சிறு உருவங்களாக இருக்கிறார்கள். மேலே பேருருவம், கீழே நுண்ணுருவம், இரண்டும் ஒரே வாயிலில்.

1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய இந்தக் கோயிலில் இராசராசன் வெட்டச் சொன்ன வாசகம் பலருக்கும் தெரிந்ததே: நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்றான். அந்தப் பரந்த மனம் கைவினைஞரையும் விட்டுவிடவில்லை. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்ற பெயர்களும் உடன் வருகின்றன. நாவிதருக்குக்கூட இராசராசப் பெருநாவிசன் என்ற பட்டம் உண்டு. ஆனால் இவர்கள் கட்டடத்தை வகுத்தவர்கள். துவாரபாலகரின் கன்னத்துக்குச் சதை கொடுத்தவர் யார் என்பது இன்னும் மீதமிருக்கிறது.

விமானத்தின் மேல்தளத்துச் சுற்றறையில் சிவன் ஆடும் 108 கரணங்களை, அதாவது நாட்டிய நிலைகளை, செதுக்கத் தொடங்கி, 81 முடிந்த நிலையில் 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லாததால் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். முடிந்த சிற்பங்களைக் காட்டிலும் அந்த 27 கற்களே சிற்பிகளைப் பற்றி அதிகம் சொல்வதாக எனக்குப் படுகிறது. கல்லைக் கட்டடத்தில் ஏற்றிவைத்துவிட்டுப் பிறகுதான் அங்கேயே நின்று செதுக்கினார்கள் என்பதற்கு அவையே சாட்சி. உட்சுவரின் இருட்டில், விளக்கொளியில், தூசுக்கு நடுவே நடந்த வேலை அது.

இங்குள்ள உற்சவத் திருமேனி ஒன்றுக்குத் தட்சிணமேரு விடங்கர் என்று பெயர். மலையில்லாத நாட்டில் 60 மீட்டர் அளவுக்குக் கல்லை அடுக்கி எழுப்பியவர்கள் அதை மேரு மலை என்று கருதியதில் மிகை ஏதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, புள்ளமங்கை

பசுபதிகோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறிய கோயில் முதலாம் பராந்தகன் காலத்தது. விமானத்தைச் சுற்றி வர ஐந்து நிமிடம் போதும். பார்க்க அரைநாள் போதாது. குடையின்கீழ் எருமைத்தலைமேல் நிற்கும் துர்க்கையின் இருமருங்கும் சிங்கமும் மானும், தம் உடலையே பலியாகக் கொடுக்கும் வீரரும். நேற்றுக் கொட்டகையில் படுத்திருந்த துர்க்கைக்கும் இவளுக்கும் அளவு முறை ஒன்றுதான். ஆனாலும் இவள் இடையின் வளைவில் உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் அந்தக் கணத்தைச் சிற்பி பிடித்திருக்கிறார்.

அடித்தளத்தில் இராமாயணக் காட்சிகள் கைக்குள் அடங்கும் அளவில் ஓடுகின்றன. மணிமணியாய் அமைந்த கரடான கருங்கல்லில் இவ்வளவு சிறிதாகச் செதுக்குவது எவ்வளவு கடினம் என்று நேற்றைய மூத்தவர் சொல்லியிருந்தார். ஒரு மணி உதிர்ந்தால் ஒரு முகம் போய்விடும்.

மாலையில் கும்பகோணம் வந்து நாகேசுவரன் கோயிலின் கோட்டச் சிற்பங்களை, அதாவது சுவர்மாடங்களில் நிற்பவற்றை, பார்த்தேன். கோட்டங்களில் நிற்கும் ஆண்களும் பெண்களும் யாரென்று தெரியாவிட்டாலும், உயிருள்ள மனிதரைப் பார்த்துச் செதுக்கியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த முகங்கள் இலக்கணத்திலிருந்து வந்தவை அல்ல.

திங்கட்கிழமை, தாராசுரம்

இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில். ஐராவதேசுவரர் சன்னிதி சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் முன்புறம் தண்ணீர் தேங்கிவிடும். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் தஞ்சையோடு சேர்ந்துகொண்டது.

இராசகம்பீரன் மண்டபம் தேர்வடிவில் ஆனது. சக்கரமும் இழுத்துச் செல்லும் குதிரையும் எல்லாரும் படமெடுக்கும் பகுதி. அதைவிட எனக்குப் பிடித்தது, சுவரில் இருக்கும் ரிஷபகுஞ்சரம். யானையும் காளையும் எதிரெதிரே நிற்க இருவருக்கும் ஒரே தலை. உள்ளங்கையால் காளையின் உடலை மறைத்தால் தும்பிக்கை தூக்கிய யானை. யானையின் உடலை மறைத்தால் திமில் புடைத்த காளை. யானையின் தந்தம் வந்து முடியும் இடமும் காளையின் கொம்பு தொடங்கும் இடமும் ஒரே கோடு. பக்கத்தில் நின்ற பள்ளிப்பிள்ளைகள் மாறி மாறிக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசனோ ஆகமமோ கேட்டுச் செய்த வேலை அல்ல இது. ஒரு சிற்பி தன் திறமையில் தானே மகிழ்ந்து செய்த வேலை.

ஆனால் நான் வந்தது விமானத்தின் அடித்தளத்துக்காக. குனிந்தும், பல இடங்களில் தரையில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டிய சிறு சிற்பங்களாக நாயன்மார் வரலாறு முழுவதும் அங்கே ஓடுகிறது. பலவற்றுக்கு மேலே பெயர் பொறித்திருக்கிறார்கள். அவிநாசியில் முதலை உண்ட பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சியில், முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளிவரும் தருணம் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பது மரபு. அவன் மகன் இரண்டாம் இராசராசன். அதாவது நூல் அரங்கேறிய ஒரு தலைமுறைக்குள், அதைப் பாடிப் படித்துக் கேட்ட சிற்பிகள் கல்லில் எழுதிவிட்டார்கள். இதற்கு முன்மாதிரியாக எந்தச் சிற்பநூலிலும் அளவு கிடையாது. முதலை எப்படி வாய் பிளக்க வேண்டும், பிள்ளை எந்தக் கோணத்தில் வர வேண்டும், கரையில் சுந்தரர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். சிற்பி என்றால் கைத்தொழிலாளி, நூல் சொன்னதைச் செய்பவன் என்று எழுதுகிறவர்களைத் தாராசுரத்துக்கு அழைத்துவந்து இந்தச் சுவரோரம் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாகவே வந்தது.

செவ்வாய்க்கிழமை, கோனேரிராசபுரம்

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். பழைய பெயர் திருநல்லம். பெரிய நடராசத் திருமேனிக்காகவே பெரும்பாலோர் வருகிறார்கள். கணவர் கண்டராதித்தரின் பெயரால் சோழ அரசி செம்பியன் மாதேவி செங்கல் தளியைக் கற்றளியாக்கிய கோயில்களில் இது முதன்மையானது. சுவரில் கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் சிற்பம், அது யாரென்று சொல்லும் எழுத்தோடு இருக்கிறது. இன்னொரு கல்வெட்டு, அரசியின் ஆணைப்படி இந்த விமானத்தை எடுப்பித்தவர் ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்று கூறுகிறது. அரசர், அரசி, பொறுப்பாக நின்று கட்டி முடித்த அதிகாரி ஆகிய மூவரும் பெயரோடு இருக்கிறார்கள். வரிசையில் அடுத்து வர வேண்டியவர் மட்டும் இல்லை. வெயில் கடுமை, சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை, சிதம்பரம்

கொள்ளிடத்தைக் கடந்து தில்லைக்கு வந்தேன். கிழக்குக் கோபுரத்திலும் மேற்குக் கோபுரத்திலும் 108 கரணங்கள் அவற்றுக்குரிய நாட்டிய சாத்திரச் சுலோகங்களோடு வரிசையாக இருக்கின்றன. தஞ்சையில் நின்றுபோனது இங்கே நிறைவாகியிருப்பதைக் காண மகிழ்ச்சியாக இருந்தாலும், கால்கள் வடக்குக் கோபுரத்துக்கே போயின.

கிருஷ்ணதேவராயர் தம் வெற்றிக்குப் பின் 1516இல் இங்கு வந்து எடுப்பித்தது என்று வடக்குக் கோபுரத்தின் கல்வெட்டு கூறும். அவர் உருவமும் அங்கே கைகூப்பி நிற்கிறது. அதே கோபுரத்தின் உள்வழியில், மேல்வேட்டி இல்லாமல், மாலை கிரீடம் எதுவும் இல்லாமல், சில ஆண்கள் நிற்கிறார்கள். மேலே தமிழில் எழுத்து. எண்ணெயும் புகையும் படிந்து பாதி மறைந்திருந்ததால் கைபேசியின் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

விருத்தகிரியில் சேவகப்பெருமாள். அவர் மகன் விசுவமுத்து. திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன். அவர் தம்பி காரணாச்சாரி.

கோபுரத்தை எழுப்பிய ஆசாரிகள். விருத்தகிரி என்பது இன்றைய விருத்தாசலம். தகப்பனும் மகனும், அண்ணனும் தம்பியுமாக இரண்டு குடும்பங்கள். அரசனுக்குச் சிலை வைத்த அதே கோபுரத்தில் தங்களுக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்கள், அதைக் கோயிலும் அரசும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அரசனின் சிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே ஆடையின் மடிப்பும் அணியும் பேசுகின்றன. இங்கே முகமும் கையும்தான் இருக்கின்றன. சேவகப்பெருமாளின் முகத்தில் பணிவு இருக்கிறது, கெஞ்சல் இல்லை. இவற்றைச் செதுக்கியவர்கள் இவர்களேயா, இவர்கள் பட்டறைப் பிள்ளைகளா என்பதைக் கல் சொல்லவில்லை. யாராக இருந்தாலும், தினமும் பக்கத்தில் நின்று வேலை செய்தவரின் முகத்தைப் பார்த்துச் செதுக்கியிருக்க வேண்டும். அந்த நெருக்கம் தாடையின் கோட்டில் தெரிகிறது.

போகிறவர்கள் பார்க்க விரும்பினால் கையில் ஒரு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒளியை நேரே அடிக்காமல் பக்கத்திலிருந்து காட்டினால் எழுத்து எழுந்து நிற்கும். தயவுசெய்து விபூதியோ சுண்ணாம்போ தடவிப் படிக்க முயல வேண்டாம்.

படங்களைத் தஞ்சாவூர் மூத்தவரின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரைமணி நேரத்தில் மூத்தவரே அழைத்தார். நான்கு பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, மகனிடம் எழுதிவைக்கச் சொன்னது காதில் விழுந்தது. பிறகு, “விருத்தாசலத்துக்காரரா தம்பி? அங்க பழமலைநாதர் கோயில்ல கல்வேலை நல்லா இருக்கும், பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார். பார்த்ததில்லை. சிதம்பரத்திலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணம்; காவிரிப் படுகைக்கு வெளியே போகிறோம் என்றாலும் பரவாயில்லை. காலை முதல் வண்டியில் சேவகப்பெருமாளின் ஊருக்குக் கிளம்புகிறேன்.